மெல்ல அடிக்கும்போது மட்டும் நொண்டும் மெட்ரோனோம்

கேள்வி: மாமனார் 1970களில் ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த சாவி கொடுக்கும் மெட்ரோனோம் (இசை பழகும்போது டிக் டிக்கென்று தாள வேகம் காட்டும் கருவி), கூம்பு வடிவ மரப்பெட்டி. மகள் பியானோ கற்கிறாள் என்று பரணிலிருந்து இறக்கினோம். நிமிடத்துக்கு 100 டிக்குக்கு மேல் வைத்தால் நன்றாக ஓடுகிறது. 60க்குக் கீழே கொண்டுபோனால் டிக், டாக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இல்லை. ஒரு நிமிடம் ஓடி நின்றும் விடுகிறது. கடிகாரக் கடையில் காட்டினால், "யாரோ சாவியை அதிகமாக முறுக்கிவிட்டார்கள், ஸ்பிரிங் போச்சு, வலுவான ஸ்பிரிங் போட்டால் சரியாகும்" என்கிறார்கள். உண்மையா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

ஸ்பிரிங் போகவில்லை. போயிருந்தால் 100லும் ஓடியிருக்காது. உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது: வேகமாக அடிக்கும்போது நன்றாக இருக்கிறது, மெல்ல அடிக்கும்போது மட்டும் தகராறு. இது ஏன் என்று புரிந்துகொண்டால் எங்கே கைவைக்க வேண்டும், எங்கே வைக்கவே கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் கணக்கைப் பார்த்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுப்போம்.

சுவர்க் கடிகாரத்தின் ஊசலை நினைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு டிக் வேண்டுமென்றால் ஊசல் கிட்டத்தட்ட 99 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். மெட்ரோனோமின் மிகக் குறைந்த எண் 40. அதாவது ஒன்றரை விநாடிக்கு ஒரு டிக். சாதாரண ஊசலால் அதைச் செய்யப் போனால் 2.2 மீட்டருக்கும் கூடுதலான நீளம் வேண்டும், ஆள் உயரத்தையும் தாண்டிவிடும். இருபது சொச்சம் சென்டிமீட்டர் உயரப் பெட்டிக்குள் அது எப்படி அடங்கியது?

தண்டின் நடுவில் அச்சு. அச்சுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு கனமான எடை. மேலே நாம் நகர்த்தும் சின்ன எடை. கீழ் எடை ஊசலை நேராக நிறுத்தப் பார்க்கிறது, மேல் எடை கவிழ்க்கப் பார்க்கிறது. மேல் எடையை உயர்த்த உயர்த்த இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகி, தராசு முள் போல ஊசல் சோம்பலாக ஆட ஆரம்பிக்கும். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த வின்கெல் என்பவர் 1814இல் கண்டுபிடித்த வித்தை இது. மெல்செல் என்ற இன்னொருவர் அதில் எண் அளவுகோலைச் சேர்த்து 1815இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். இசைத்தாளில் இன்றும் எம்.எம். என்று போடுகிறார்களே, அது மெல்செலின் மெட்ரோனோம் என்பதன் சுருக்கம். வின்கெலுக்கு ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

சரி, இதற்கும் உங்கள் பெட்டிக்கும் என்ன தொடர்பு? உச்ச வேகமான 208இல் அடிக்கும்போது உங்கள் ஊசல் 8 சென்டிமீட்டர் ஊசல் போலத் துடிப்பாக நடந்துகொள்கிறது. 40இல் அதே ஊசல் 2.2 மீட்டர் ஊசல் போல நடந்துகொள்கிறது. இரண்டுக்கும் 27 மடங்கு வித்தியாசம். மெல்ல ஆடும்போது ஊசலை நடுவுக்கு இழுத்துவரும் விசை மிகமிகக் குறைவு. அப்போது அச்சில் காய்ந்துபோன எண்ணெய், தண்டில் ஒரு மயிரிழைக் கோணல், பெட்டிக்குள் ஒரு தூசி நூல் என்று எல்லாமே அதைவிடப் பெரிதாகிவிடும். வேகமாக அடிக்கும்போது இவை எதுவும் வெளியே தெரியாது. அதனால்தான் பழைய மெட்ரோனோம் எது கையில் வந்தாலும் நான் முதலில் மேல் எடையை உச்சிக்குத் தள்ளி 40இல் ஓடவிட்டுப் பார்ப்பேன். 120இல் ஓடுகிறது என்று யாராவது விற்றால் அது ஒரு சான்றே இல்லை.

"அதிகமாக முறுக்கிவிட்டார்கள்" என்ற பேச்சு கடிகார உலகத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஸ்பிரிங்கைக் கடைசிவரை முறுக்கினால் அது நின்றுகொள்ளும், அவ்வளவுதான். நடப்பது என்னவென்றால், எண்ணெய் பிசினாகிச் சக்கரங்கள் இறுகியிருக்கும். ஓடவில்லையே என்று சாவியை முடிந்தவரை முறுக்குவார்கள். அப்போதும் ஓடாது. முழுக்க முறுக்கிய நிலையில் நிற்பதால் பழி முறுக்கின்மேல் விழுகிறது.

வலுவான ஸ்பிரிங் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். ஸ்பிரிங் தகட்டின் தடிமன் பத்து சதவீதம் கூடினால் அதன் விசை முப்பத்து மூன்று சதவீதம் கூடும், ஏனென்றால் விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. பிசினை மீறி அது இழுத்துவிடும், உண்மைதான். கொஞ்ச நாள் ஓடும். அதற்குள் அச்சுத் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும், பல் சக்கரம் மோதும் பேலட்டில் (ஊசல் அச்சோடு சேர்ந்து ஆடும் சின்ன நாக்கு) பள்ளம் விழும். அப்புறம் அதை யாராலும் லேசில் மீட்க முடியாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் மட்டும் அதே அகலம், அதே தடிமன், அதே நீளத்தில் மாற்ற வேண்டும். உடைந்ததன் அடையாளம் தெளிவாகவே இருக்கும்: "டங்" என்று ஒரு சத்தம், அதன்பின் சாவி எத்தனை சுற்றினாலும் இறுகாது.

பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. போனில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, மெட்ரோனோமை ஒரு மட்டமான மேசையில் வைத்து, 60, 100, 160 மூன்றிலும் அரை நிமிடம் பதிவுசெய்யுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு டிக்கும் ஒரு கூர்முனையாகத் தெரியும். 60இல் ஒவ்வோர் இடைவெளியும் 1.00 விநாடி இருக்க வேண்டும். 0.90, 1.10, 0.90, 1.10 என்று மாறிமாறி வந்தால் அதுதான் நொண்டல். மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், காதுக்குத்தான் பொறுக்காது. இந்த நொண்டல் மூன்று வேகத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கிறதா, மெல்லப் போகும்போது மட்டும் கூடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே விகிதத்தில் இருந்தால் மேசை சாய்வு, அல்லது பெட்டியின் அடிக்கால்களில் ஒன்று தேய்ந்தது, அல்லது அச்சில் பேலட் பொருந்தியிருக்கும் கோணம் மாறிவிட்டது. மெல்லப் போகும்போது மட்டும் கூடினால், உங்கள் விஷயத்தைப் போல, மேல் தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. தண்டு இடப்பக்கம் வளைந்திருந்தால் மேல் எடையும் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும். எடை மேலே ஏற ஏற அந்த விலகலும் கூடும், அதே சமயம் ஊசலை நேராக்கும் விசையோ குறைந்துகொண்டே போகும். இரண்டும் சேர்ந்து ஊசலின் நிலைப்புள்ளியையே ஒரு பக்கம் தள்ளிவிடும். எடையைக் கீழே இறக்கினால் கோணல் மாயமாக மறைந்துவிடும். பரணில் ஏதோ ஒரு பெட்டி தண்டின்மேல் சாய்ந்திருக்கும், தண்டை அதன் கொக்கியில் மாட்டாமல் வைத்திருப்பார்கள். பல மெட்ரோனோம்கள் இப்படித்தான் கெடுகின்றன.

அதனால் முதல் வேலை தண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்டின் விளிம்பு வழியாகத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பாருங்கள். எங்கே வளைகிறதோ அங்கே இரண்டு கட்டைவிரல்களால் மெல்ல எதிர்த்திசையில் அழுத்துங்கள். அது ஸ்பிரிங் ஸ்டீல், கொஞ்சம் வளைத்தால் திரும்பிவரும், சற்றே கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தும்போது அச்சுக்குப் பாரம் போகாமல், தண்டின் அடிப்பகுதியை இன்னொரு கை பிடித்திருக்க வேண்டும். குறடு வேண்டாம், பல் பதிந்துவிடும், பதிந்த இடத்தில் எடை சிக்கும்.

இதைச் செய்ததுமே நொண்டல் பெருமளவு போய்விடலாம். ஆனால் ஒரு நிமிடத்தில் நின்றுபோவது போகாது. அது எண்ணெய்.

இப்போது எச்சரிக்கை. ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது எதையும் கழற்றக் கூடாது. நான் முதன்முதலில் திறந்தது ஒரு நண்பரின் மெட்ரோனோம். ஓடாமல் நின்றுவிட்டதே, முறுக்கு தீர்ந்திருக்கும் என்று நினைத்து ஊசல் அச்சைக் கழற்றினேன். நின்றது பிசினால், உள்ளே முழு முறுக்கும் அப்படியே இருந்தது. தடுக்க ஊசல் இல்லாததால் சக்கரங்கள் மின்விசிறி போல ஒரு விநாடி கத்திவிட்டு நின்றன. சிறிய சக்கரத்தில் மூன்று பற்கள் மடிந்துபோயின. விரல் நடுவில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். அந்த நண்பர் இன்னும் பேசுகிறார் என்பது அவருடைய பெருந்தன்மை.

முறுக்கைத் தீர்க்க எளிய வழி ஓடவிடுவது. எடையை முழுக்கக் கீழே இறக்கி 208இல் ஓடவிடுங்கள். ஒரு முழு முறுக்குக்கு இத்தனை டிக் என்பது சக்கரங்களின் பல் கணக்கிலேயே முடிவாகிவிட்டது. வேகமாக அடித்தால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீரும். தானாக நின்றபின் தண்டை விரலால் ஆட்டி ஆட்டி மிச்சத்தையும் தீருங்கள். அப்படியும் கொஞ்சம் தங்கியிருக்கும். சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் சக்கரத்தின் பல்லைத் தடுக்கும் சிறிய கொக்கியை ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் விலக்கி, சாவி கைக்குள் மெல்லத் திரும்பி வரும்படி விட வேண்டும். கொக்கி வெளியே தெரியாத மாடல் என்றால் இந்த மிச்ச முறுக்குக்குப் பயந்து, சக்கரங்களைப் பிரிக்காமலேயே வேலையை முடித்துவிடுங்கள். அதையும் சொல்கிறேன்.

பெட்டியின் அடிப்பலகையில் கால்களுக்குப் பக்கத்தில் ஸ்குரூக்கள் இருக்கும். சாவியைச் சாவி கொடுக்கும் திசைக்கு எதிராகத் திருகினால் கழன்று வந்துவிடும். இயந்திரப் பகுதி மாடலுக்கு மாடல் அடியிலோ பின்புறத்திலோ ஸ்குரூ போட்டுப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கும் என்று நினைப்போம், இருக்காது.

வெளியே எடுத்தவுடன் ஊசலின் கீழ் எடையைப் பாருங்கள். பழையவற்றில் அது பெரும்பாலும் ஈயம். மூடிய மரப்பெட்டிக்குள் மரம் வெளியிடும் அமில ஆவியால் ஈயத்தின் மேல் வெண்மையான மாவு பூத்திருக்கலாம். அது நச்சு. ஊதவோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவோ வேண்டாம். கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதைச் சொல்கிறேன்.

கடிகார வேலையில் பழகிய கை என்றால் சக்கரங்களை இருபுறமும் தாங்கும் இரண்டு தகடுகளையும் பிரித்து ஒவ்வொரு சக்கரமாகச் சுத்தம் செய்வதுதான் முறை. முதல் தடவை என்றால் பிரிக்க வேண்டாம். திரும்ப மூடும்போது நான்கைந்து அச்சு முனைகள் ஒரே நேரத்தில் அந்தந்தத் துளையில் உட்கார வேண்டும். பொறுமையிழந்து அழுத்தினால் ஒரு முனை வளைந்துவிடும், அத்துடன் கதை முடிந்தது. முழு இயந்திரத்தையும் அப்படியே வெள்ளை பெட்ரோலில் மூழ்கவைத்து, மெல்லிய பிரஷால் பற்களையும் துளைகளையும் தேய்த்துக் கழுவுங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு இறங்கும். இரண்டாம் முறை புதிய பெட்ரோலில். துளைகளின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசினைக் கூர்மையாகச் சீவிய பல்குச்சியால் திருகி எடுங்கள். இதை மொட்டைமாடியில் செய்யுங்கள், சமையலறைப் பக்கமே போக வேண்டாம். மரப்பெட்டியைத் துடைக்க ஸ்பிரிட் எடுக்காதீர்கள். பழைய பெட்டி அரக்குப் பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட் பட்ட இடம் கரைந்து மங்கிவிடும். லேசாக ஈரமான துணி போதும்.

நன்றாக உலர்ந்தபின் எண்ணெய். இங்கேதான் நம் ஊரில் நிறையப் பேர் தவறுகிறார்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, சில மாதத்தில் அதுவே பிசினாகிவிடும். உங்கள் பெட்டியில் இருக்கும் பிசினும் இப்படி யாரோ அன்பாக ஊற்றியதாக இருக்கலாம். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அடித்தவுடன் ஓடும், கரைப்பான் ஆவியானபின் மெல்லிய படலம் மிஞ்சித் தூசியைப் பிடிக்கும். கடிகார எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள், சின்னக் குப்பி பல வருடம் வரும். கிடைக்கவே இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய். அது பரவிப்போய் ஓரிரு வருடத்தில் உலர்ந்துவிடும், ஆனால் கெடுதல் செய்யாது.

எவ்வளவு? ஊசி முனையில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. தகட்டின் வெளிப்புறத்தில் ஒவ்வோர் அச்சுத் துளையைச் சுற்றியும் ஒரு சின்னக் குழி இருக்கும், அது பாதி நிறைந்தால் போதும். ஊசல் அச்சின் இரண்டு முனைகளுக்கும் கண்டிப்பாக. பேலட்டில் பல் உரசும் இடத்தில் ஈரம் பட்டதுபோல் ஒரு தடவல். ஸ்பிரிங்கையும் பெட்ரோல் கழுவிவிட்டிருக்கும், அதனால் சுருள்களின் விளிம்பில் சற்றுத் தடித்த எண்ணெய் சில துளிகள். சக்கரப் பற்களுக்கு ஒன்றும் வேண்டாம். அங்கே எண்ணெய் போட்டால் தூசி ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும்.

அரைச் சாவி கொடுத்து 40இல் ஓடவிட்டுப் பாருங்கள். ஊசலின் வீச்சு முன்பைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். வீச்சு கூடினால் மிச்சமிருந்த நொண்டலும் தானாகக் குறையும். அதனால்தான் நொண்டலின் இறுதித் திருத்தத்தைச் சுத்தம் செய்தபின் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இன்னும் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி லேசாக நொண்டுகிறதா? இயந்திரத்தைப் பெட்டிக்குள் பொருத்தி மேசையில் வைத்து, ஒரு பக்கத்துக் கால்களின் அடியில் ஒரு ரூபாய் நாணயங்கள் வையுங்கள். சரியாகவில்லையென்றால் மறுபக்கம். எந்தப் பக்கம் உயர்த்தியதும் டிக் டாக் சமமானதோ, கீழ் எடை அந்தப் பக்கம் போகும்படி, தண்டு முழுவதையும் பேலட் இருக்கும் அச்சின்மேல் சற்றே திருப்ப வேண்டும். வலக்கால்களின் அடியில் நாணயம் வேலை செய்தால், பேலட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழ் எடையை வலப்பக்கம் ஒரு மயிரிழை. மேல் தண்டை வளைத்து இதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வோர் அளவில் வேலை செய்யும். 60இல் சமமாகும், 50இல் மறுபடி நொண்டும். திருப்பப் பயமாக இருந்தால் நாணயத்தின் தடிமனுக்கு ஒரு தோல் துண்டை அந்தக் கால்களில் ஒட்டிவிடுங்கள். அழகான தீர்வு இல்லை, ஆனால் என் மேசையிலேயே அப்படி ஒன்று வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேல் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உள்ளே ஒரு சின்னத் தகடு தண்டை அழுத்திப் பிடித்திருக்கும். அது தளர்ந்தால் ஓடும்போதே எடை மெல்லக் கீழே சரியும், வேகம் யாருக்கும் தெரியாமல் ஏறும். தகட்டைச் சற்று உள்நோக்கி வளைத்தால் போதும். ரப்பர் பேண்டு சுற்றுவது, ஒட்டுவது, ஈயம் பற்றவைப்பது எல்லாம் எடையைக் கூட்டிவிடும், அளவுகோலின் எண்கள் அந்தப் பழைய எடைக்கு மட்டுமே உண்மை. எடை தொலைந்து வேறொன்று போட நேர்ந்தால் 60, 120, 208 மூன்றிலும் எண்ணிப் பாருங்கள். கனம் கூடிவிட்டால் உச்சியில் ஊசல் ஆடாது, ஒரு பக்கமாகக் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும்.

பெட்டியை மூடும்போது எல்லா ஸ்குரூக்களையும் நன்றாக முடுக்குங்கள். டிக் சத்தம் வருவது பல்லும் பேலட்டும் மோதுவதால்தான் என்றாலும், அதை அறை முழுவதும் கேட்கவைப்பது மரப்பெட்டி, வீணையின் குடம் செய்யும் அதே வேலை. ஒரு ஸ்குரூ தளர்ந்தால் சத்தம் பொத்தென்று செத்துவிடும். சென்னை போலக் கடற்கரை ஊரில் இருந்தால் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள், ஸ்பிரிங்குக்கு நல்லது.

எதற்குக் கடைக்காரரிடம் போக வேண்டும் என்றால், அச்சுத் துளை தேய்ந்து அச்சு பக்கவாட்டில் ஆடினால், பல் உடைந்திருந்தால், ஸ்பிரிங் உடைந்திருந்தால். அதுவும் ஊசல் வைத்த சுவர்க் கடிகாரம் பார்க்கிறவரிடம். பேட்டரி மாற்றுகிறவரிடம் இல்லை.

கடைசியில், எண்ணைப் படிப்பது. மேல் எடையின் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் வேகம், கீழ் விளிம்பு அல்ல. சிரிக்க வேண்டாம், பீத்தோவன் 1817இல் தன் சிம்பொனிகளுக்குக் கொடுத்த மெட்ரோனோம் எண்கள் பலவும் வாசிக்க முடியாத வேகத்தில் இருக்கின்றனவே என்று இன்றும் சண்டை நடக்கிறது. அவர் எடையின் தவறான விளிம்பைப் பார்த்துப் படித்திருக்கலாம் என்பது ஒரு கட்சி, அவருடைய மெட்ரோனோமே கெட்டிருக்கும் என்பது இன்னொரு கட்சி. உங்களுடையதை 60இல் வைத்து, போன் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 59ஓ 61ஓ வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். 56 வந்தால் எடைக்குள் யாரோ எதையோ திணித்திருக்கிறார்கள், கழற்றிப் பாருங்கள்.